மதலைமேரி உட்காரும் வரை

மேகம் ரோட்டைக் கடந்து போகிற இடத்தில், மலை உச்சியிலிருந்து எண்ணினால் பதினோராவது வளைவில், வெள்ளத்தாயின் பட்டறை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் அந்த வளைவில் தானாக மெதுவாகும். மெதுவானால் வண்டியின் சத்தம் ஓட்டுகிறவர் காதில் விழும். விழுந்த பிறகு நிறுத்தாமல் போக யாருக்கும் மனம் வராது.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு என்ன கோளாறு என்று யாரும் சொல்லக் கூடாது. வண்டி போடுகிற சத்தத்தை வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் வெள்ளத்தாய் பானெட்டில் கை வைப்பாள்.

ஏலக்காய் வியாபாரி வந்து, தொண்டையைச் செருமி, "ஙொய்ய்ய்... டப்... ஙொய்ய்ய்" என்பார்.

"பெல்ட்டு" என்பாள்.

பால் வேன் டிரைவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, "புர்ர்... புர்ர்... க்ளக்" என்பான்.

"க்ளக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிக்கா."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பி நின்னு போடு."

திரும்பி நின்று போடுவான். அவளுக்கு விளங்கிவிடும்.

ஒருநாள் பங்குச் சாமியார் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, பூனை மாதிரி மூன்று தடவை கத்தினார். வெள்ளத்தாய் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சாமி, அது பூனையேதான்" என்று சொல்லி, எஞ்சின் இடுக்கிலிருந்து ஒரு குட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளத்தாய்க்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் பழகுகிற ராயப்பனுக்கு ஐம்பத்திரண்டு.

ராயப்பன் இருபத்தாறு வருஷம் பாலிடெக்னிக்கில் வண்டிப் பாடம் நடத்தியவர். அவர் கரும்பலகையில் ஷாக் அப்சார்பர் வரைந்தால் உள்ளே எண்ணெய் தளும்புவது போல இருக்கும். ஆனால் ஒரு போல்ட்டைக்கூடக் கையால் கழற்றியது கிடையாது. விருப்ப ஓய்வு வாங்கிய மறுவாரம் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்குத் தொழில் கத்துக்குடுங்க மேஸ்திரி."

"நீங்க வாத்தியாரு. நான் எட்டாங்கிளாஸு."

"அதனாலதான் வந்தேன்."

அன்றிலிருந்து அவர் அவளை மேஸ்திரி என்றார். அவள் அவரை சார் என்றாள். புதிதாக வருகிற ஆட்கள் யாரிடம் கும்பிடு போடுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற தூணைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

ஒரு காலையில், எதிரே நிற்கிற மரம் கரைந்து போகிற அளவுக்கு மேகம் இறங்கியிருந்தபோது, ராயப்பன் தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது.

"என்ன சார், வண்டியோட வந்திருக்கீங்க?"

"கோளாறு மேஸ்திரி. முன்புற சஸ்பென்ஷன் அமைப்பில், கீழ்க்கரம் இணையும் இடத்தில்..."

"சத்தம்."

ராயப்பன் உதட்டை நனைத்துக்கொண்டார். "க்றீ... க்றீஈஈக்... தடக்" என்றார். மறுபடியும், "க்றீஈக்... தடக்." மூன்றாவது தடக்கில் அவர் குரல் உடைந்தது. அது வண்டியின் சத்தம் இல்லை.

வெள்ளத்தாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"புதுசா எதையோ மாட்டியிருக்கு. யாரு மாட்டினது?"

"நான்தான்."

பிறகு உட்கார்ந்து சொன்னார். ஐந்து மாதம் முன்னால் அவர் மனைவி மதலைமேரி, மலை உச்சித் தேயிலை எஸ்டேட்டில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனவள், ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் கீறல். அசைக்காதே, அங்கேயே படுக்க வை என்றார் எஸ்டேட் டாக்டர். படுத்தாள். இப்போது எழுந்து மெதுவாக நடக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் குலுங்காத வண்டியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடிவாரத்தில் இருக்கிற வீட்டுக்கு இருபத்து மூன்று வளைவு இறங்க வேண்டும்.

ராயப்பன் எங்கோ இருக்கிற கம்பெனியிலிருந்து புது ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வரவழைத்தார். மெத்தையில் மிதப்பது போல இருக்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. வெள்ளத்தாய் சித்தி மகள் சடங்குக்குப் போயிருந்த அந்த ஒரு வாரத்தில், தன் வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தானே மாட்டினார். அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்கிற ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார்.

"நேத்து அவளைக் கூப்பிடப் போனேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பூ வச்சிட்டு வந்து ஏறினா. சின்னக் கல்லு ஏறினாலும் தடக்குங்குது. ரெண்டாவது வளைவுல நிறுத்துங்கன்னா. எறங்கினா. தேயிலைச் செடியைப் புடிச்சுக்கிட்டே மேல நடந்து போயிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒரே ஒரு தடவை ஏறுவாளாம். அதுவும் இப்படித்தான் இருந்தா, கீழ வரவே மாட்டாளாம். அண்ணன் வீட்டுலயே இருந்துக்கறாளாம்."

வெள்ளத்தாய் காரின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. பானெட்டைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"போலாம் சார்."

"எங்க?"

"அக்காகிட்ட."

"கோளாறு வண்டியிலதானே இருக்கு?"

"அதான் வண்டியையும் கூட்டிட்டுப் போறோமே."

கார் மேகத்துக்குள் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அது தன் கதையைச் சொன்னது. க்றீஈக். தடக். ராயப்பன் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். இது ஸ்பிரிங்கின் இறுக்கம், இது மேல் தாங்கியின் உராய்வு, இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும், முதலாவது...

"சார்" என்றாள் வெள்ளத்தாய், கண்ணை மூடியபடியே. "வண்டி பேசிட்டு இருக்கு. அது முடிக்கட்டும்."

உச்சியில் மதலைமேரியின் அண்ணன் சிலுவை, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க மச்சான். நீங்க ஆறாவது வளைவுல வரும்போதே கேட்டுச்சு. யாரு வீட்டு மாடோ கன்னு போடுதுன்னு வெந்நி வைக்கச் சொல்லிட்டேன்."

ராயப்பன் சிரிக்கவில்லை. வாசலில் மதலைமேரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வீடும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. வெள்ளைத் தாளில் அவளை மட்டும் வரைந்து வைத்தது போல இருந்தது.

வெள்ளத்தாய் அவளிடம் போனாள்.

"அக்கா, நேத்து வண்டி என்ன சத்தம் போட்டுச்சு? வாயால போட்டுக் காட்டுங்க."

மதலைமேரி தாடையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரு விரலை உயர்த்தினாள். கட்டைக் குரலில், "இத பாரு மதலை, இப்படித்தான்... தடக். நான் சொல்றதைக் கேளு மதலை, இது உன் நல்லதுக்குத்தான்... தடக். இத பாரு மதலை..." என்றாள்.

சிலுவை சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அது வண்டியா, நானா?" என்றார் ராயப்பன்.

"கேட்டாங்க, போட்டுக் காட்டினேன். நான் பின்னாடி கண்ணை மூடிட்டு இருந்தேங்க. எது யாரு சத்தம்னு பிரிச்சுப் பாக்க முடியல."

வெள்ளத்தாய் தலையாட்டினாள். பெல்ட்டு என்று சொல்லும்போது எப்படித் தலையாட்டுவாளோ அதே மாதிரி.

தேயிலை எடை போடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில், எஸ்டேட் லாரிகளுக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு சிமெண்ட் குழி இருந்தது. அதன் மேலே காரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். நான்கு சக்கரமும் தரையில் நின்றன. நடுவில் குழி.

"எறங்குங்க சார்."

"நானா?"

"நீங்கதானே மாட்டினீங்க?"

ராயப்பன் டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு இறங்கினார். குழிக்குள் மேகம் முழங்கால் வரை தேங்கியிருந்தது. வெள்ளத்தாய் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"என்ன தெரியுது?"

"கீழ்க்கரம். சக்கரத்தைத் தாங்குறது. அது வண்டிச் சட்டத்தோட சேர்ற இடத்துல ரப்பர் புஷ். அதோட பணி என்னவென்றால்..."

"பணி வேணாம். ரப்பரைப் பாருங்க."

டார்ச்சை அருகில் கொண்டு போனார். புதுசு. மாட்டி ஐந்து நாள்கூட ஆகவில்லை. பிழிந்து வைத்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

"இத எப்ப முடுக்குனீங்க சார்?"

"மாட்டினதும் முடுக்கினேன்."

"அப்ப வண்டி எங்க இருந்துச்சு?"

"ஜாக்கி மேல."

"சக்கரம்?"

"அந்தரத்துல தொங்கிட்டு..."

ராயப்பன் நிறுத்தினார். இருபத்தாறு வருஷம் மாணவர்களுக்குச் சொன்ன வரி ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் முன்னால் நின்றது. தொங்குகிற நிலையில் இறுக்கிப் பிடித்த ரப்பர், அந்த நிலையையே தன் நிலை என்று வைத்துக்கொள்ளும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் வண்டி தரைக்கு வந்துவிட்டது. ரப்பர் வரவில்லை. ஒவ்வொரு கல்லிலும் அது ஆகாயத்துக்குத் திரும்பப் பார்த்தது. க்றீஈக். தடக்.

"இது எனக்குத் தெரியுமே மேஸ்திரி. பாடமே நடத்தியிருக்கேன்."

"அவசரக்காரன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான் சார். பாதி முடுக்கிட்டு டீ குடிக்கப் போயிருவான். வண்டி தப்பிச்சிரும். ஒழுங்கா முடுக்குறவன் கையிலதான் இது மாட்டும்."

ராயப்பன் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார்.

"எல்லாத்தையும் லூசு பண்ணுங்க. கழட்ட வேணாம். பிடிய மட்டும் விடுங்க."

முதல் போல்ட் தளர்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று, ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை விட்டது. இரண்டாவது. மூன்றாவது. கடைசிப் போல்ட்டுக்கு, கார் அவர் தலைக்கு மேலே இரண்டு விரல் அளவு இறங்கி உட்கார்ந்தது.

"இப்ப முடுக்கட்டுமா?"

"இருங்க. அக்கா, வந்து ஏறுங்க."

மதலைமேரி அசையவில்லை. "அந்த ஒரு தடவைய இப்பவே எடுத்துக்காதீங்க தாயி."

"வண்டி எங்கயும் போகாது. சாவி என்கிட்ட. சும்மா உக்காருங்க."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கார் மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் ராயப்பன் பார்த்தார். தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, அந்த ரப்பருக்கு நடுவே இருந்த இரும்புக் குழல் கொஞ்சமாகத் திரும்பியது.

"இப்ப?"

"அவங்க சரியா உக்காரட்டும்."

"உக்காந்தாச்சே மேஸ்திரி."

"உங்களுக்குக் கீழ இருந்து தெரியுதா?"

மேலே மதலைமேரி நெளிவது கேட்டது. "இந்தத் தலகாணி வேணாம். முதுகுல நடுவுல வந்து முட்டுது. யாரு வச்சது?"

"டாக்டர் சொன்னபடிதான்..." என்றது குழி.

"சார்" என்றாள் வெள்ளத்தாய்.

தலையணை வெளியே வந்து விழுந்தது. கார் அசைந்தது. குழல் திரும்பியது.

"நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கட்டுமா தாயி? இந்தப் பக்கம் பள்ளம் தெரியும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தப் பக்கந்தான் உக்கார வக்கிறாரு. காத்து நல்லா வருமாம். நான் வழிபூரா கண்ணை மூடிக்கிட்டே வருவேன். தூங்குறேன்னு நெனச்சுக்குவாரு."

தலைக்கு மேலே அவள் இடத்திலிருந்து இடத்துக்கு நகர்கிற கனம், இலை மேல் நடக்கிற மழை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ராயப்பன் டார்ச்சை அணைத்தார். அது தேவைப்படவில்லை.

பேச்சு நின்றது. நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. மேகம் குழிக்குள் மார்பு வரை ஏறியது. எங்கோ தேயிலை பறிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெயர்கள் மட்டும் வந்தன, ஆட்கள் வரவில்லை. காரின் தரை வழியாக மதலைமேரியின் குரல் இறங்கி வந்தது. அவள் யாரிடமும் பேசவில்லை.

"இங்கேர்ந்து பாத்தா செடி எல்லாம் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு... அஞ்சு மாசமா படுத்துக்கிட்டு கூரை ஓட்டைத்தான் பாத்தேன். மொத்தம் நூத்திப் பன்னெண்டு ஓடு. அதுல ஒண்ணு உடைஞ்சது... கால இப்படி மடக்கினா நல்லாயிருக்கு... ஆ, இல்ல. நீட்டினாத்தான்."

ராயப்பன் இருட்டில் நின்று கேட்டார். அவள் பேச்சில் எந்த இடத்திலும் அவருடைய வரி எதுவும் தேவைப்படவில்லை. கையில் ஸ்பேனர் குளிர்ந்து போயிருந்தது. முடுக்கட்டுமா என்று இன்னொரு தடவை கேட்க நினைத்தார். நினைத்தது நாக்கு வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ரொம்ப நேரம் கழித்து, மேலே ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் மதலைமேரி.

வெள்ளத்தாய் குழிக்குள் தலையை நீட்டினாள். "கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு."

"முடுக்குங்க."

டிக் என்றது ஸ்பேனர். அடுத்தது, டிக். எல்லாம் முடிந்து மேலே ஏறி வந்தபோது ராயப்பனின் தலைமுடியெல்லாம் பனித்துளி.

"அன்னைக்கு வச்ச அதே அளவுதான் மேஸ்திரி. ஒரு நூலு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"ஆமா. அதே அளவுதான்."

சிலுவை பையைக் கொண்டுவந்து வைத்தார். "மச்சான், வெந்நி ஆறிப்போச்சு. மாடு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, என்ன சொல்ல?" என்றார். மதலைமேரி வலது பக்க ஜன்னலோரம் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ரெண்டாவது வளைவு வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல நான் வாக்கு குடுக்கல" என்றாள்.

வெள்ளத்தாய் சாவியை ராயப்பனிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறினாள். கார் நகர்ந்தது.

முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வளைவில் நேற்று அவள் பிடித்து நடந்த செடிகள் ஈரத்தோடு நின்றன. ராயப்பன் காதை முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டினார். நிறுத்துங்க என்று இப்போது வரும், இதோ வரும். கல் ஒன்று சக்கரத்துக்கு அடியில் வந்தது. அதை அவர் கண்ணால் பார்த்தார், காதால் கேட்கவில்லை. மூன்றாவது வளைவு. நான்காவது. யாராவது இந்த வண்டியின் சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். ஏழு. எட்டு. ரோடு எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பதினோராவது வளைவில் நிறுத்தினார். வெள்ளத்தாய் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினாள். அப்போதுதான் ராயப்பன் திரும்பிப் பார்த்தார்.

மதலைமேரி தலையை ஜன்னலில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். இது கண்ணை மூடிக்கொண்டு வருகிற தூக்கம் இல்லை. மெல்லிய குறட்டை வந்தது.

ராயப்பனின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது அப்படியே நின்று, மெதுவாக வேறொன்றாக மாறியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மேஸ்திரி." குரல் காற்றாகத்தான் வந்தது.

"ம்."

"வீட்டுல அவளுக்காக எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கேன். கட்டிலைக் கீழ் ரூமுக்குக் கொண்டுவந்தாச்சு. சமையல் மேடைய இடிச்சு ஒரு அடி இறக்கிட்டேன். தையல் மெஷினை மூட்டை கட்டிப் பரண்ல ஏத்தியாச்சு. எத்தனை மணிக்கு எந்திரிக்கணும், எத்தனை மணிக்கு நடக்கணும்னு எழுதி, சட்டம் போட்டு, செவுத்துல ஆணி அடிச்சிருக்கேன். பாத்துப் பாத்துப் பண்ணினேன்."

"ம்."

"அதையெல்லாம் அப்படியே விடட்டுமா? இல்ல, போனதும் மொதல் வேலையா பிரிச்சிரட்டுமா?"

வெள்ளத்தாய் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாகப் பின் சீட்டைப் பார்த்தாள்.

"என்னையா கேக்குறீங்க சார்?"

கீழே இன்னும் பன்னிரண்டு வளைவு இருந்தது. ராயப்பன் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.